எங்கே விழுகிறது என்பதும் அளவுதான்

புத்தளம் கரையோரத்தில் ஒருவரின் நேர்மைக்கு நிறுவைதான் உரைகல். களப்பில் பிடிபட்ட இறாலும் மீனும், பாலாவி உப்பளங்களில் வாரிக் குவித்த உப்பும், தென்னந்தோட்டத்துக் கொப்பராவும் தராசில் ஏறித்தான் கைமாறுகின்றன. அளவையில் மோசடி செய்து அழிந்த மத்யன்வாசிகளின் வரலாற்றையும், அவர்களை எச்சரித்த ஷுஐப் நபியின் பெயரையும் கேட்டு வளர்ந்த கரை இது. அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பெயராகவே கொண்ட ஓர் அத்தியாயம் குர்ஆனில் இருக்கிறது: ஸூரத்துல் முதஃப்பிஃபீன். ஆனால் இவற்றைக் கேட்கும்போது நம் மனக்கண்ணில் வருவது கடைத்தராசுதான். அங்கே வாங்குகிறவரின் கண்முன்னே முள் ஆடுகிறது. சந்தேகம் வந்தால் வேறு கடையில் நிறுத்துப் பார்க்கலாம். வாங்குகிறவர் பார்க்க முடியாத, உணர முடியாத, திருப்பிக் கொடுக்கவும் முடியாத ஒன்றை இன்னொருவர் அளந்து கொடுக்கும்போது அந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை இந்தக் கேள்வியை நேரடியாக எழுப்புகிறது. உடலுக்குள் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் கதிரின் அளவைச் சரிபார்ப்பதை வசதியுள்ளோரின் தொழில்நுட்ப ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது; தராசுக்குச் சொன்ன கட்டளை தன் முழுக் கனத்தோடு வந்து இறங்கும் இடம் அதுவே என்பதுதான் என் வாதம்.

இந்தக் கரைக்கு இது தூரத்துச் செய்தியல்ல. இலங்கை ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்ற கூட்டு அதற்கு முக்கிய காரணம். பாக்கு தன்னளவிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. படகில் போகிறவர்களும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் பசியையும் களைப்பையும் மறக்க வாயில் அதக்கிக்கொள்வது அந்த வெற்றிலையைத்தான். நோய் வந்தபின் சிகிச்சைக்காக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். புத்தளம் நகரிலிருந்து கொழும்புக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர்; கற்பிட்டியில் இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். பேச்சுவழக்கில் ‘கரண்ட் பிடிப்பது’ என்று சொல்லப்படும் அந்தச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரம் நீளும். முகத்தின் வடிவத்திற்கே வார்த்த வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடி, தலை அசையாமல் மேசையோடு பிணைக்கப்படும். எல்லோரும் வெளியேறிக் கதவு மூடப்படும். சில நிமிடம் இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கும். சூடோ வலியோ வெளிச்சமோ தெரியாது. அன்று கொடுக்கப்பட்டது கூடியதா குறைந்ததா என்பதற்கு அந்த மனிதரிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

கொடுக்கப்படுவது என்ன என்று பார்ப்போம். ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அதை ஒரு கிரே என்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கட்டியின் மேல் 70 கிரேவை 35 தவணைகளாகக் கொடுப்பது பரவலான வழக்கம். அந்தக் கட்டிக்கு மிக அருகிலேயே முண்ணாண் ஓடுகிறது. அதற்கு ஏறக்குறைய 45 கிரேவைத் தாண்டவிடுவதில்லை, தாண்டினால் கைகால் செயலிழக்கும் அபாயம் உண்டு. காதின் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. அதன் சராசரி அளவு 26 கிரேவைக் கடந்தால் வாய் வறண்டு, சோற்றை விழுங்குவதே வாழ்நாள் பாடாகிவிடலாம். இந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் சில இடங்களில் மில்லிமீற்றர் கணக்கில்தான் இருக்கிறது. கட்டியை அழிக்கும் அளவுக்கும் அழிக்காத அளவுக்கும் நடுவே உள்ள சரிவும் செங்குத்தானது. அளவு 5 சதவீதம் மாறினால் கட்டி அடங்கும் வாய்ப்பு 10 முதல் 20 சதவீதம் வரை மாறலாம் என்பது துறையினரின் மதிப்பீடு. கதிர்வீச்சு அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் 1976ஆம் ஆண்டிலேயே 5 சதவீதத் துல்லியத்தை வரையறையாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் துல்லியத்தைக் காக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் முறை எளிமையானது. உடலுக்குப் பதிலாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் குறித்த ஆழத்தில் விரல்நுனி அளவேயான அயனாக்க அறை என்ற கருவி. கதிர் அதனுள் இருக்கும் சிறிதளவு காற்றை மின்னேற்றம் அடையச் செய்கிறது. அந்த மின்னேற்றத்திலிருந்து கிரே கணக்கிடப்படுகிறது. இது மிக நம்பகமான அளவை. ஆனால் ஒரே புள்ளியின் அளவை. நேரான, சீரான கதிர்க்கற்றை மட்டும் பயன்பட்ட கோபால்ட் இயந்திரக் காலத்தில் அந்த ஒரு புள்ளியிலிருந்து மற்ற இடங்களை நம்பிக்கையோடு கணக்கிட முடிந்தது. இன்றைய நேர்கோட்டு முடுக்கிகள் நோயாளியைச் சுற்றிச் சுழன்றபடியே கற்றையின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து கற்றையைச் சிறு துண்டுகளாக்குகின்றன; அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்துதான் கட்டியின் உருவத்தில் ஓர் அளவு உருவாகிறது. உப்பளத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் விளங்கும். உவர்நீர் ஏறக்குறைய 25 போமே பாகையை எட்டினால் உப்பு படியும். 30ஐ நெருங்கவிட்டால் கைப்புள்ள மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கைக் கெடுக்கும். பாத்தியின் ஒரு மூலையில் மானியை மிதக்கவிட்டுப் பார்த்து மறு மூலைக்கும் சேர்த்துச் சத்தியம் செய்ய எந்த அனுபவசாலியும் முன்வரமாட்டார்.

முழுப் பாத்தியையும் ஒருசேர அளக்கும் கருவியைத் தேடியவர்கள் கண்டடைந்தது ஜெலற்றின் கூழ். கதிர் பட்டால் இரும்பு அயனி மாற்றமடைகிறது, அந்த மாற்றத்தை அளவாக்கலாம் என்று ஹூகோ ஃபிரிக்கி 1927இல் காட்டியிருந்தார். அந்தக் கரைசலைக் கூழில் உறையவைத்துக் காந்த அதிர்வுப் படக்கருவியில் வாசிக்கலாம் என்று ஜோன் கோர் குழுவினர் 1984இல் சொன்னார்கள். ஆனால் இரும்பு அயனிகள் கூழுக்குள் மெல்லப் பரவி, சில மணிநேரத்திலேயே படத்தை மங்கச்செய்தன. 1993இல் மாரியன்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழி கண்டார்கள். கூழில் கலந்த மூலக்கூறுகள், கதிர் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று பிணைந்து நகராத பொலிமராகிவிடும். கண்ணாடிக் குடுவையில் தெளிவாக நிற்கும் அந்தக் கூழுக்குக் கதிர் கொடுத்தபின் பார்த்தால், உள்ளே பால்நிறத்தில் ஓர் உருவம் நிற்கும். கூடுதல் பட்ட இடத்தில் அடர்ந்தும் குறைவாகப் பட்ட இடத்தில் மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தான் விழுந்த இடத்தில் தன் உருவத்தை எழுதிவைத்துவிடுகிறது. பெரும்பகுதி தண்ணீரேயான அந்தக் கூழ் தசையைப் போலவே கதிரை ஏற்பதால், உடலின் பிரதிநிதியும் அதுவே, அளவுகோலும் அதுவே. சிறிதளவு ஒட்சிசன் புகுந்தாலும் பிணைப்பு தடைப்படும் என்பது அதன் பெரிய பலவீனம். ஒட்சிசனைத் தன்னோடு கட்டிப்போடும் அஸ்கோர்பிக் அமிலத்தைச் சேர்த்து 2001இல் அதற்கும் ஒரு தீர்வு வந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். நீதி என்றதும் நாம் எவ்வளவு என்று கேட்கிறோம். திருக்குறளின் மருந்து அதிகாரம் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்ற உண்மையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த அடித்தளத்தை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் எவ்வளவு என்பது கேள்வியின் பாதிதான். ஸகாத்தின் சட்டத்தைப் பாருங்கள். செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்ற அளவு இருக்கிறது. அதோடு எட்டு வகையினருக்கே அது சேர வேண்டும் என்ற இலக்கும் இருக்கிறது. நாற்பதில் ஒரு பங்கைச் சரியாகப் பிரித்தெடுத்து, உரிமையில்லாதவரின் கையில் வைத்தவரை ஸகாத் கொடுத்தவர் என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார். தொகை சரியாக இருக்கையிலேயே உரியவரின் பங்கு பறிபோய்விட்டது. கதிர்ச் சிகிச்சையிலும் இப்படித்தான். 70 கிரே இயந்திரத்திலிருந்து குறைவில்லாமல் புறப்பட்டிருக்கலாம். கட்டியின் ஒரு விளிம்பு 60 மட்டும் பெற்று, மிச்சம் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய் விழுந்திருந்தால் சராசரி நம்மைக் காப்பாற்றாது. பிழைத்த அந்த விளிம்பிலிருந்து நோய் மீண்டும் வளரும், சுரப்பி மடியும். உரியது உரிய இடத்தைச் சேர்ந்ததா என்பது நீதியின் இலக்கணத்திலேயே அடங்கியது. ஆகவே மூன்று பரிமாண அளவை, அளவைக்குப் பின்னால் சேர்த்துக்கொண்ட நுணுக்கமல்ல. அளவை முழுமையடைவதே அங்கேதான்.

ஒரு புள்ளியில் சரியாக இருப்பது முழுவதும் சரி என்பதற்குச் சான்றாகாது என்பதை வெறும் தர்க்கமாக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில், எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இயங்கிய தரச் சோதனை நிலையம் தலையும் கழுத்தும் போன்ற ஒரு பிளாஸ்டிக் போலியுடலைச் செய்தது. உள்ளே கட்டிக்கும் முண்ணாணுக்கும் உரிய இடங்களில் கதிரின் அளவைப் பதியும் அளவுமணிகளும் படலங்களும் பொருத்தப்பட்டிருந்தன. அதைப் பல வைத்தியசாலைகளுக்கு அனுப்பி, உங்கள் நோயாளி ஒருவருக்குச் செய்வதைப் போலவே திட்டமிட்டுக் கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். 7 சதவீதம், 4 மில்லிமீற்றர் வரை விலகினாலும் தேர்ச்சி என்பது விதி. 2008இல் வெளியான முடிவின்படி, 250 முயற்சிகளில் கால்பங்குக்கும் மேல் அந்தத் தாராளமான எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. இவை வசதி குறைந்த இடங்களல்ல. தேசிய அளவிலான மருத்துவ ஆய்வுகளில் பங்கெடுக்க முன்வந்த நிலையங்கள். அவற்றின் இயந்திரங்களின் அடிப்படை வெளியீடு ஏற்கெனவே கண்காணிக்கப்பட்டதுதான். தண்ணீர்த் தொட்டியின் ஒரு புள்ளியில் தேர்ந்தவர்கள் மனித வடிவத்தின் முப்பரிமாணத்தில் தவறினார்கள்.

இந்த இடத்தில் எழும் முதல் ஆட்சேபம் ஈமானின் குரலில் வருகிறது. உயிரை எடுப்பதும் விடுவதும் இறைவன் கையில் இருக்கும்போது மூன்று, நான்கு சதவீதத்தில் என்ன வந்துவிடப்போகிறது? தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தில் நேர்த்தி வைக்கிறவரும், முன்னேசுவரத்தில் அர்ச்சனை செய்கிறவரும், உடப்பில் திரௌபதை அம்மனுக்காகத் தீமிதிக்கிறவரும், பள்ளிவாசலில் துஆக் கேட்கிறவரும் ஏதோ ஒரு வகையில் அதே நம்பிக்கையில்தான் நிற்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அதை அளவையின் குறைக்குப் போர்வையாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். இங்கிலாந்தின் ஸ்ரோக்-ஒன்-ட்ரென்ட் நகர வைத்தியசாலையில் 1982 முதல் 1991 வரை நடந்ததை எண்ணிப் பாருங்கள். தூரத்திற்கான திருத்தத்தைத் திட்டமிடும் கணினி தானாகவே செய்துகொண்டிருந்தது; ஊழியர்கள் பழைய வழக்கப்படி அதையே இன்னொரு முறை கையால் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் 5 முதல் 30 சதவீதம் வரை குறைவாகப் பெற்றார்கள். ஒன்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. கூடிப்போனால் தோல் பொசுங்கும், புண்ணாகும், கேள்வி எழும். குறைந்துபோனால் நோய் திரும்பி வரும், அவ்வளவுதான். குடும்பம் அதை விதி என்று ஏற்றுக்கொண்டு மையித்தை அடக்கம் செய்யும். அளந்து குறைப்பவனின் குற்றம் இறைவனின் பெயரால் மறைந்துபோகும் இடம் இதைவிட வேறு இல்லை. சிரியாவில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியதைக் கேட்டுக் கலீஃபா உமர் வழியிலேயே திரும்பியபோது, இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம்தான் போகிறோம் என்பதே அவர் தந்த பதிலின் சாரம். நாம் தவிர்த்திருக்கக்கூடியதைத் தவிர்க்காமல் விட்டுவிட்டு, விளைந்ததை மட்டும் இறைவனின் கணக்கில் எழுதுவது, இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் தவக்குல் ஆகாது.

இரண்டாவது ஆட்சேபம் இயந்திரத்தின் மீதுள்ள நம்பிக்கை. கணினி ஒவ்வொரு கன மில்லிமீற்றருக்கும் கணக்குப் போட்டுத் தருகிறதே, பிறகேன் தனியாக அளக்க வேண்டும்? கணக்கு என்பது ஒரு வாக்குறுதி. அளவைதான் அதற்குச் சாட்சி. பனாமாவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2000-2001இல் மறைப்புத் தகடுகளின் விவரத்தைக் கணினிக்குள் புதிய முறையில் ஏற்றினார்கள். கணினி அதை மறுக்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை, சிகிச்சை நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொடுத்தது. 28 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றார்கள், பலர் இறந்தார்கள். கோஸ்டா ரிக்காவில் 1996இல் கோபால்ட் மூலத்தை மாற்றியபோது 0.3 நிமிடத்தை 30 விநாடியாக எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 18 விநாடி. 115 பேர் பாதிக்கப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் சுதந்திரமான ஒரே ஓர் அளவை முதல் நாளிலேயே பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். சாட்சியம் ஒருவருடைய சொல்லோடு நிற்காமல் இன்னொருவரையும் கேட்பது இஸ்லாமிய நீதிமுறையின் அடிப்படை. கணினி தன் கணக்குக்குத் தானே சாட்சியாக நிற்பதை ஏற்றால் அந்த அடிப்படையை நாம் கைவிடுகிறோம்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது, துறைக்குள்ளிருந்தே வருவது. உடல் கூழ்க்குடுவை போல அசையாமல் இருப்பதில்லை. நோயாளி மூச்சு விடுகிறார், விழுங்குகிறார், வாரக்கணக்கில் மெலிகிறார், கட்டி சுருங்குகிறது. குடுவையில் 2 சதவீதத் துல்லியம் காட்டி என்ன பயன்? இது உண்மை, மறுக்க முடியாது. ஆனால் இதிலிருந்து வரும் முடிவு ஆட்சேபம் சொல்லும் முடிவுக்கு நேர் எதிரானது. உடலின் அசைவை நம்மால் முழுதாக நிறுத்த முடியாது என்பதால்தான், அதற்கென்று கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீற்றர் இடம் விடுகிறார்கள். இயந்திரத்தின் பிழையும் திட்டத்தின் பிழையும் தெரியாமல் கிடந்தால், நோயாளியின் அசைவுக்கென விட்ட அந்த இடத்தை அவை முன்கூட்டியே தின்றுவிடும். மனிதனின் கைக்குள் அடங்காத நிச்சயமின்மை ஒருபுறம் இருக்கும்போது, கைக்குள் அடங்கியதைத் தீர்த்துவைக்கும் கடமை கூடுமே தவிரக் குறையாது. முழு உண்மை எட்டாது என்பதற்காக எட்டுகிற உண்மையை விட்டுவிடலாம் என்று எந்த மார்க்கமும் சொன்னதில்லை.

கடைசி ஆட்சேபம் வறுமையின் பெயரால் வருகிறது. இயந்திரத்திற்கே வரிசையில் நோயாளிகள் காத்திருக்கும் நாட்டில், கூழ் செய்யவும் படக்கருவியில் வாசிக்கவும் நேரமும் பணமும் எங்கே? இதில் ஒரு பகுதியை ஏற்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் கூழ் அளவை செய்வது பணக்கார நாடுகளிலும் வழக்கமில்லை. புதிய சிகிச்சை முறை ஒன்றைத் தொடங்கும்போதும், கணினி நிரலோ இயந்திரமோ மாறும்போதும், படம் எடுப்பதிலிருந்து கதிர் கொடுப்பது வரை முழுச் சங்கிலியையும் முப்பரிமாணத்தில் ஒருமுறை சோதித்தால் போதும். அன்றாடத்திற்கு எளிய கருவிகளும் சுதந்திரமான மறுகணக்கும் இருக்கின்றன. வறிய நாட்டுக்கு அளவை எட்டாது என்ற எண்ணம் மட்டும் தவறு. சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் சிறு அளவுமணிகளைத் தபாலில் அனுப்பி உலகெங்கும் உள்ள இயந்திரங்களைச் சோதித்துவருகின்றன. தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி நிலையங்களே 5 சதவீத எல்லைக்குள் இருந்தன. இன்று 95 சதவீதத்துக்கும் மேல் இருக்கின்றன. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது விலையுயர்ந்த இயந்திரமல்ல. ஒரு தபால் பொதியும், சோதிக்கப்படச் சம்மதிக்கும் மனமும்தான். ஒரு புள்ளியில் சாதித்ததை முப்பரிமாணத்திற்கு விரிப்பதுதான் மிஞ்சியிருக்கும் வேலை. காத்திருப்போர் பலர் என்பதால் அளவைச் சோதிக்காமல் விடுவது, கூட்டம் அதிகம் என்பதால் தராசைப் பாராமல் அள்ளிக் கொடுப்பதுதான். அந்தக் கூட்டத்தில் கடைசியாக நிற்கும் கற்பிட்டி மீனவருக்கும் ஹூஸ்டன் நோயாளிக்கும் திசு ஒன்றுதான், உரிமையும் ஒன்றுதான்.

இவ்வளவையும் வைத்தியர்கள் மீதோ மருத்துவ பௌதிகவியலாளர்கள் மீதோ குறை சொல்ல நான் எழுதவில்லை. குறைந்த ஆளணியோடு நிறைந்த கூட்டத்தைத் தாங்குகிறவர்கள் அவர்கள். கடமை அவர்களோடு முடிந்துவிடுவதுமில்லை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அறிந்திருப்பது எதைச் சுட்டும் என்பதைத்தான் நம் காலம் விரிவுபடுத்த வேண்டும். கொடுத்தது உடலுக்குள் எங்கே விழுந்தது என்று அறிவதும் அந்த அறிவில் அடங்கும். அதை அறியப் போதிய ஆட்களையும் கருவியையும் நேரத்தையும் தராத சமூகமும் பொறுப்பில் பங்காளிதான். இலங்கையின் 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், கதிரின் பயன்பாட்டை வளர்க்கும் சபையையும் அதைக் கண்காணிக்கும் பேரவையையும் தனித்தனியாக நிறுவியது. அளப்பவரும் அளவைச் சோதிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்ற நீதி அதில் இருக்கிறது. அந்த நீதி சிகிச்சை அறைக்குள்ளும் முழுதாக நுழைய வேண்டும்.

இந்தக் கரையில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் பள்ளிவாசலும் கோவிலும் ஆலயமும் கைகோத்துப் பணம் சேர்க்கும் பண்பு இருக்கிறது. வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்கித் தர வேண்டும் என்றாலும் மக்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். அந்தக் கொடையோடு ஒரு கேள்வியும் சேர்ந்து போக வேண்டும்: இந்த இயந்திரத்தை வெளியார் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முழு உருவத்திலும் சோதித்தார்களா? இப்படிக் கேட்பது வைத்தியரின் மேல் அவநம்பிக்கை கொள்வதாகாது. தன் கட்டியைத் தானே பார்க்க முடியாத, தன் மேல் விழுவதைத் தானே உணர முடியாத ஒருவர், தம் உடலை முழுதாக இன்னொருவரிடம் அமானிதமாக ஒப்படைத்திருக்கிறார். அமானிதத்தைக் காக்கிறவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்; ஒப்படைத்தவர் பலவீனமானவர் என்றால் அவர் சார்பில் கணக்குக் கேட்பது சமூகத்தின் கடமை. ஒருவர் குணமடைவது இறைவனின் நாட்டம். அவருக்கு உரியது உரிய இடத்தில், குறையாமல், மிகாமல் சேர்ந்ததா என்பதற்கு மறுமையிலும் இம்மையிலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.